கைதட்டலுக்குக் குறையும் சீனி

ஜூன் 14, சனி

இன்று கிளினிக். கச்சான் காற்று கடற்றொழிலாளர் சங்க மண்டபத்தின் கூரைத் தகரத்தைத் தூக்கித் தூக்கி அடித்தது. அதையும் மீறித் தர்மசீலன் ஐயாவின் மைக்.

ஐயா அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து ஓய்வு பெற்ற அப்போதிக்கரி. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, கையில் காசில்லாத வயதானவர்களுக்குப் பிறஷரும் இரத்தத்தில் சீனியும் இலவசமாகப் பார்ப்பது அவர் தொடங்கிய வேலை. நான் விரலில் குத்தி, எண்ணைத் துண்டில் எழுதிக் கொடுப்பேன். அவர் மைக்கில் வாசிப்பார். நல்ல எண் என்றால் எல்லோரும் கைதட்ட வேண்டும். கூடிப்போயிருந்தால், "ராத்திரி ஆற்ற வீட்டில விருந்து?" என்று கேட்பார். மண்டபம் சிரிக்கும். கேட்கப்பட்டவரும் சிரிப்பார், நிலத்தைப் பார்த்தபடி.

இன்றும் முதலிடம் றஹ்மா மாமிக்கு. தொண்ணூற்றாறு. எங்கள் ஒழுங்கை முனையில் இடியப்பம் அவித்து விற்கிறவ. சல்லிக் கிராமத்திலிருந்து பஸ் ஏறி வரும் சின்னப்போடி ஐயாவுக்கு நூற்றெட்டு. அவருக்குப் பொறுக்கவில்லை.

"இடியப்பக்காரி மெசினுக்கும் ரெண்டு இடியப்பம் குடுத்திருப்பா."

"போடியாரே, தோத்தா வாய மூடிட்டு இரிக்கணும்" என்றா மாமி.

நான் அடுத்த விரலைத் துடைத்தேன். பட்டம் எடுத்து இரண்டு வருடம். நியமனமும் வரவில்லை, வாயும் வரவில்லை.

ஜூன் 15

அம்மா: "சம்பளம் இல்லாத வேலைக்கு அயன் பண்ணின சட்டை." பதில் இருந்தது. சொல்லவில்லை.

ஜூன் 19

பின்னேரம் இடியப்பம் வாங்கப் போனேன். நான் நின்ற கொஞ்ச நேரத்துக்குள் றஹ்மா மாமி ஒரு போத்தல் தண்ணீரை முழுக்கக் குடித்து முடித்தா. இடது கால் பெருவிரலில் சீலைத்துண்டு கட்டியிருந்தது, அதில் ஈ. நான் பார்த்ததைக் கண்டதும் காலைப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டா.

"என்ன புள்ள, வாய வாடகைக்குக் குடுத்திட்டியா? எத்தினன்னு சொல்லு."

"பத்து, மாமி."

தொண்ணூற்றாறு வருகிற ஆளுக்கு ஏன் இந்தத் தாகம்? ஏன் காயம் ஆறவில்லை?

ஜூன் 28, சனி

எண்பத்து நாலு. அப்படியொரு கைதட்டல். ஊருக்குள் திரியும் மான்களில் வாசலில் நின்ற ஒன்றுகூடத் தலையைத் தூக்கிப் பார்த்தது.

ஆனால் குத்துவதற்காக நான் பிடித்த விரல் சில்லிட்டு வியர்த்திருந்தது. துண்டைக் கொடுத்துவிட்டு வந்து பக்கத்தில் குந்தினேன். "மாமி, ராத்திரி என்ன சாப்பிட்டனீங்கள்?" என்று மெதுவாகக் கேட்டேன். அவ என் காதருகே குனிந்தா.

"வெள்ளி விடியத்தொட்டு ஒண்டுமில்ல. இண்டைக்குச் சீனிக் குளிசைய மூணாப் போட்டன். முப்பது நோன்பும் புடிக்கிறவளுக்கு இதென்ன புள்ள."

"ஏன் மாமி?"

"நீ மேடையில ஏறிப் பட்டம் வாங்கினவ. ஒனக்கு வெளங்காது. நான் பள்ளிக்கூட வாசல் மிதிச்சதில்ல. எனக்கு இஞ்சதான் புள்ள முதன்முதலாக் கைதட்டினாங்க."

பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தா. "ஆருட்டயும் சொல்லிராத."

தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்?

ஜூன் 29

இருக்க முடியவில்லை. முற்றத்தை இரண்டு தரம் கூட்டியாயிற்று.

பட்டமளிப்பு அன்று என் பெயரை வாசித்தபோது எல்லோரும் தட்டி ஓய்ந்த பிறகும் அம்மா மட்டும் தட்டிக்கொண்டிருந்தா. வெட்கத்தில் செத்தேன். இன்றைக்கும் அந்தச் சத்தம் காதில் இருக்கிறது. விளங்காது என்று மாமி சொன்னா. விளங்குகிறது, மாமி. அதுதான் கரைச்சல்.

சொன்னால் அவவுக்கு அவமானம். சொல்லாவிட்டால் ஒரு சனிக்கிழமை அந்தக் கதிரையிலேயே விழுவா. அல்லது, எண் நல்லாயிருக்கிறது என்று எல்லோரும் நம்பியிருக்க, அந்தக் கால் போகும்.

ஜூலை 3

ஐயா வீட்டுக்குப் போனேன். வழி முழுக்க ஒரே வசனத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு போனேன்: "ஐயா, எண்களை மைக்கில் வாசிக்க வேண்டாம்."

கதிரை போட்டார், தேத்தண்ணி தந்தார். நான் "மைக்..." என்று வாயைத் திறந்ததுமே அவர் தொடங்கிவிட்டார். "மைக் சத்தம் நல்லா இருக்குதானே? அந்தக் கைதட்டு இல்லாட்டி பாதிச்சனம் வராது பிள்ளை. மற்ற இடங்களில வரிசையில நிண்டு ஏச்சு வாங்கினதுகள். இஞ்ச சிரிச்சுக்கொண்டு வருதுகள்."

அதுவும் உண்மை. மாமி சிரித்துக்கொண்டுதான் வாறா.

"ஓம் ஐயா" என்றேன். தேத்தண்ணியைக் குடித்தேன். வந்துவிட்டேன்.

ஜூலை 9

மாமி இன்று நொண்டுகிறா. சனிக்கிழமைக்கு முதல் சொல்லு. சொல்லு. சொல்லித் துலை.

ஜூலை 12, சனி

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

மெசினில் மாமிக்கு ஐம்பத்திரண்டு. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. மாமியின் மேலுதட்டில் வியர்வை, கண் எங்கேயோ. நாக்குத் தடித்த குரலில், "எத்தின? சத்தமா வாசிக்கச் சொல்லு" என்றா. ஐயா துண்டுக்குக் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. தேத்தண்ணி மேசைக்கு ஓடிச் சீனியை அள்ளித் தண்ணீரில் கரைத்துக்கொண்டு வந்தேன். மாமி கோப்பையைத் தள்ளினா.

"சீனியா? நம்பர் கூடிரும் புள்ள."

"கூடட்டும், குடியுங்கோ."

தலையைப் பிடித்துப் பருக்கினேன். ஐயாவும் ஓடிவந்து நாடி பிடித்தார். அவர் முகம் வெளுத்துப் போயிற்று. கொஞ்சம் கொஞ்சமாக மாமியின் கண் என்னிடம் திரும்பி வந்தது.

மைக் மேசையில் கிடந்தது. எடுத்தது நான்தான். என் குரலைக் கூரைக்குக் கீழே கேட்டபோது வேறு யாரோ கதைக்கிற மாதிரி இருந்தது.

"இண்டைக்கு ஒருத்தற்ற நம்பரும் வாசிக்கேலாது. கைதட்டு வாங்க நேற்று முழுக்கப் பட்டினி கிடந்தவை, குளிசை கூடப் போட்டவை, கையை உயர்த்துங்கோ. ஒருத்தரும் சிரிக்கப்படாது."

தகரம் மட்டும் அடித்தது. பிறகு சின்னப்போடி ஐயாவின் கை எழும்பியது. பிறகு பின்வரிசையில் ஒன்று. பிறகு இன்னும்.

போகும்போது மாமி சொன்னது இவ்வளவுதான்: "சொல்லமாட்டன் எண்டு தலையாட்டினாய்."

ஜூலை 13

ஐயா வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. "எனக்கு ஏன் முதலே சொல்லேல்ல?"

"சொல்லத்தான் வந்தனான் ஐயா. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போனனான்."

படலை வரைக்கும் போய்த் திரும்பினார். "நான் மைக்கைத் தொடமாட்டன் இனி" என்றார்.

ஜூலை 18

இடியப்பம் வாங்கப் போனேன். "முடிஞ்சிது" என்றா மாமி. தட்டு நிறைய இருந்தது.

ஜூலை 26, சனி

மைக் இல்லை. மூலையில் மறைப்புக்குச் சீலை கட்டி, ஒவ்வொருவராகக் கூப்பிட்டோம். கதிரைகள் பாதி காலி. ஐயா சொன்னது சரிதான். அவர் அதைச் சொல்லிக் காட்டவில்லை, அது இன்னும் குத்துகிறது. சின்னப்போடி ஐயா வந்தார். "போட்டிக்கு ஆளில்லாமல் என்னெண்டு வாறது" என்று முணுமுணுத்தபடி விரலை நீட்டினார். நூற்றெழுபது.

மாமி வரவில்லை. நான் செய்தது சரி என்றால் ஏன் இப்படி இருக்கிறது?

ஆகஸ்ட் 9, சனி

எல்லோரும் போய், கதிரைகளை அடுக்கும்போது சீலை விலகியது. றஹ்மா மாமி. என் முகத்தைப் பார்க்காமல் கதிரையில் இருந்து, விரலை நீட்டினா.

இருநூற்று அறுபத்து மூன்று. மெசினை அவவுக்கு மட்டும் திருப்பிக் காட்டினேன்.

"ராத்திரி புட்டும் வாழப்பழமும்" என்றா. "குளிசை ஒண்டுதான்."

"ஓம் மாமி."

"மைக் இல்லதானே?"

"இல்லை."

சீலையைத் தானே இழுத்து மூடினா. பிறகு இடது செருப்பைக் கழற்றி, சீலைத்துண்டை அவிழ்த்து, காலைத் தூக்கி என் ஸ்டூலில் வைத்தா.

"இதையும் பாரு புள்ள. காயுதில்ல."

ஐயா வாசலைப் பூட்டப் போய்க்கொண்டிருந்தார். கூப்பிட்டேன். சத்தமாகவே கூப்பிட்டேன்.