கிணற்றில் மிதக்கும் எண்ணெய்

ஆரணி

அன்புள்ள மகள் ஜெயப்ரியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, உன் அண்ணன் சதீஷ், அண்ணி பரிமளா எல்லோரும் நலம், கிணறு மட்டும்தான் நலமில்லை. அஸ்ஸாமில் நீ வேலை பார்க்கிற எண்ணெய் வயல் பக்கம் மழை விட்டதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

நீ போனில் சொன்னதை யோசித்து யோசித்து எனக்குத் தலை சுற்றுகிறது, அதனால்தான் எழுதுகிறேன். பூமிக்குள் எண்ணெய் ஏரி மாதிரி நிற்பதில்லை, கல்லுக்குள் இருக்கிற பொடித் துளைகளில்தான் இருக்கிறது, தண்ணீரைவிட லேசு என்பதால் மேலே மேலே ஏறும், துளையில்லாத கல் மூடி மாதிரி தடுத்தால் அதன் அடியில் சேர்ந்துகொள்ளும், வாயு அதற்கும் மேலே நிற்கும் என்றாய். சரி, நம் கிணற்றிலும் பாறை இருக்கிறதே, தண்ணீர்மேல் எண்ணெய் மிதக்கிறதே என்றால் சிரிக்கிறாய். நம் ஊர்ப் பாறையில் எண்ணெய் பிறக்காது, மேட்டுத் தெருவில் மூடிக் கிடக்கிற பெட்ரோல் பங்க்கின் டேங்க் ஓட்டையாகி டீசல் கசிந்திருக்கும் என்கிறாய். எண்ணெய் மேலே ஏறும் என்றவளும் நீதான், மேட்டிலிருந்து கீழே வந்தது என்பவளும் நீதான். மண்ணுக்குள் இறங்கி, நிலத்தடித் தண்ணீரைத் தொட்டதும் அதன்மேல் மிதந்துகொண்டே சரிவுப் பக்கம் வருமாம். எழுதும்போது புரிகிறது, எழுந்து போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தால் மறுபடி குழம்பிவிடுகிறது.

உன் குப்புராஜ் மாமாவுக்கு ஒரு குழப்பமும் இல்லை. பேஜார் ஆவாதீங்க, லட்சுமி தானா வந்துகினு இருக்கா என்று சொல்லி, ஆழமாகத் தோண்ட போர் போடும் லாரிக்கே சொல்லிவிட்டார். ஒரு பொறி பட்டால் போதும், பற்றிக்கொள்ளும் என்று நீ சொன்னதைச் சொல்லி நிறுத்தினேன், இப்போது என்னோடு பேசுவதில்லை. நகராட்சியில் எழுதிக் கொடுத்தேன், வந்து பார்க்கிறோம் என்றார்கள். பட்டு நூலுக்குச் சாயம் போட்டால் டீசல் வாடை ஏறுகிறது, சதீஷ் டேங்கர் தண்ணீர் வாங்குகிறான்.

நூல் போனால் போகட்டும், பரிமளாவுக்கு இது ஏழாம் மாதம். வாடை தெரிவதற்கு முன்னால் எவ்வளவு குடித்தாளோ. இப்போது கேன் தண்ணீர்தான். குழந்தை நன்றாக இருக்கிறது என்கிறார் டாக்டர், ஆனாலும் அவள் வயிற்றில் கை வைத்துக்கொண்டு கிணற்றையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறதம்மா.

பரிசோதனை செய்வாய் என்று ஒரு பாட்டிலில் பிடித்து உனக்கு அனுப்பப் போனேன். கூரியர்காரர் மோந்து பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். அதனால் கடிதம் மட்டும்தான் வருகிறது. நீயே வளைகாப்புக்கு வந்து பார்த்துச் சொல். உன்னை வரச் சொல்லி எழுதுகிறேன் என்றதும், கிணறு கெட்டதற்கு அழுதுகொண்டிருந்த உன் அம்மா உன் அறையைக் கூட்டப் போய்விட்டாள்.

நீ எந்த ஊரில் இருந்தாலும் ரேணுகாம்பாள் துணை இருப்பாள். லீவு கேட்க மறக்காதே. யார் சொன்னாலும் மனசு ஆறவில்லை, ஜெயா வந்து சொன்னால் தூங்குவேன் என்கிறாள் பரிமளா.

இப்படிக்கு,
உன் வரவுக்குக் காத்திருக்கும் அப்பா,
சந்திரமோகன்