மிஸ் எழுதியதை மாற்றிப் படித்தேன்

என் அன்பு அப்பா,

அடையாறு வீட்டிலிருந்து செல்வி எழுதுகிறேன். போன வாரம் உங்கள் பேத்தி யாழினியின் சாப்பாட்டுப் பையில் ஒரு சீட்டு வைத்தேன். பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கு இங்கிலீஷில் நாலு வரி, கர்சிவ் எழுத்தில். சாயங்காலம் அதை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாள். "எல்லா லெட்டரும் ஒட்டிக்கிட்டு இருக்கும்மா. எனக்குப் படிக்க வரல. நீயே படிச்சுச் சொல்லு."

அவள் பள்ளிக்கூடத்தில் கர்சிவ் சொல்லித்தருவதில்லை. போனால் போகிறது, அதற்காக நான் ஒப்பாரி வைக்கவில்லை. ஆனால் சீட்டை நீட்டிவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். நீங்கள் அப்படித்தான் நிற்பீர்கள்.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. சைதாப்பேட்டையில் ஒண்டுக்குடித்தனம், உங்களுக்கு தி.நகர் ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை. தமிழ்ப் பேப்பரை வரி விடாமல் படிப்பீர்கள். அச்சடித்த இங்கிலீஷையும் எழுத்துக்கூட்டிவிடுவீர்கள், சேர்த்து எழுதினால்தான் திணறல். மிஸ் என் நோட்டில் எழுதுகிற குறிப்பையெல்லாம் நான்தான் வாசித்துச் சொல்வேன். எனக்குச் சாதகமாகத்தான், வேறெப்படி?

அதைத் தெரிந்துகொண்டுதானோ என்னவோ, லீவு நாளில் என் நாலு கோட்டு நோட்டின் கடைசிப் பக்கங்களில் பென்சிலால் இங்கிலீஷைச் சேர்த்து எழுதிப் பழகினீர்கள். சேலை மடிக்கிற கை, கோடு தாண்டாது. ஒருநாள் மிஸ் அந்தப் பக்கங்களையும் புரட்டிவிட்டார். "யார் எழுதினது?" என்று கேட்டார். "எங்கப்பா" என்றேன். சிவப்பு மையில் ஒரு வரி எழுதிக் கொடுத்தார்.

"என்னம்மா எழுதியிருக்காவ?" என்று கேட்டீர்கள்.

மிக அழகு, அப்பாவைத் தொடர்ந்து எழுதச் சொல் என்று இங்கிலீஷில் இருந்தது. எனக்கு அந்த வருடம் முழுக்க ஒரு 'குட்'கூட விழவில்லை. "நோட்டை வீணாக்கக் கூடாதாம்" என்றேன்.

"அதுவும் சரிதான்" என்று சொல்லி, என்னிடமிருந்து ரப்பரை வாங்கி ஒவ்வொரு பக்கமாக அழித்தீர்கள். ரப்பர் தூளையும் நீங்களே ஊதிவிட்டு நோட்டை என் பையில் வைத்தீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் இங்கிலீஷ் எழுதி நான் பார்க்கவே இல்லை.

நீங்கள் கண்மூடும்வரை இத்தனை வருடம் இருந்ததே, ஏன் சொல்லவில்லை? கோபப்படுவீர்கள் என்றா? "சின்னப் பிள்ளதான" என்று சிரித்துவிட்டு டீ கேட்டிருப்பீர்கள். அந்தச் சிரிப்புக்குத்தான் பயந்தேன். வெட்கமாக இருக்கிறது அப்பா.

அம்மா இன்றும் அந்த மிஸ்ஸை விடுவதில்லை. "ஒரு தாளுக்குப் போயி மனுசன அப்படிச் சொல்லுவாளா?" என்பாள். நானும் தலையாட்டியிருக்கிறேன்.

யாழினிக்குச் சீட்டில் இருந்ததை இருந்தபடியே படித்துக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமை சைதாப்பேட்டை போகிறேன். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன், இது சத்தியம். லேசில் ஆறுகிறவள் இல்லை அவள். நீங்கள் திட்டாமல் விட்டிருக்கக்கூடிய திட்டையும் சேர்த்து அவளிடமே வாங்கிக்கொள்கிறேன்.

உங்கள் மூத்த மகள்,
செல்வி