வேகன் மேல் எழுதியது

அன்புள்ள அண்ணனுக்கு,

உலகத்தார் அனைவரும் எழுந்து நின்று கேட்க வேண்டிய அறிவிப்பு: நம் வீட்டுச் சாக்பீஸ் டப்பாவில் இந்த மாதம் ஒரு துண்டுக்கு மேல் குறையவில்லை.

காரணம் வேகன்தான். உன் ஆலையில் சிமென்ட் தூள் நிரப்பி அனுப்புவீர்கள், இங்கே கும்மிடிப்பூண்டியில் நைனா இறக்குவாரே, அந்த ரயில் தொட்டி வேகன்கள் நின்றுவிட்டன. இனி எல்லாம் லாரியாம். பெயர்தான் வேகன். வந்தது ஆமை வேகம், ஒழிந்தது மட்டும் மின்னல் வேகம்!

நைனாவோடு சண்டை போட்டுப் போனதிலிருந்து நீ போனை எடுப்பதில்லை. திரும்பும் காலி வேகன் மேல் நான் சாக்பீஸால் கிறுக்குவதும், நிரம்பிய வேகன் மேல் நீ "போடா பன்னி" என்று பதில் எழுதுவதும்தான் நமக்கிருந்த ஒரே தபால். அதையும் பிடுங்கிவிட்டார்கள். செம கடுப்பு.

நைனாவை இப்போது கேட்டில் காவலுக்கு உட்கார வைத்திருக்கிறார்கள். "வேகன்தான் பூட்ச்சே, இன்னும் இன்னாத்துக்குடா இங்க வந்துகினு கீற?" என்று என்னைத் திட்டுகிறார். அவர் மட்டும் தினமும் வெறும் தண்டவாளத்தருகே போய் நிற்கிறார். உன் பதிலை எனக்கு முன்னால் படித்தவர் அவர்தான், தெரியுமா?

நான் விடுவேனா? உன் ஆலைக்குத் திரும்பும் வழியில் எளாவூர் செக்போஸ்டில் நின்ற சிமென்ட் லாரி மேல், டிரைவர் கண்ணெதிரே, ஆள் உயரத்துக்கு எழுதினேன். மனுஷன் அரண்டுபோய்விட்டார்!

சரி, அரண்டது நான்தான். காலரைப் பிடித்து, "தொட்டி முச்சூடும் தொடைடா" என்றார். என் சட்டையாலேயே துடைத்தேன்.

எழுதியதும் ஜோக் இல்லை. "ஊட்டுக்கு வாண்ணா." அவ்வளவுதான்.

இப்படிக்கு,
சட்டை போன உன் தம்பி