யுரிதியாவின் தோள்

மார்ச் 3, செவ்வாய்
வடக்குக் காற்று அடங்கிவிட்டது. துறைமுகத்தை இன்று திறந்துவிட்டார்கள். மூன்று நாள் கட்டிக்கிடந்த படகெல்லாம் இனி இரண்டு நடை, மூன்று நடை ஓடும். யுரிதியா பாதி ரொட்டியோடு ஓடிவிட்டாள். கோசுமெலுக்கு முங்க வருகிறவர்கள் அவள்தான் கூட வரவேண்டும் என்று கேட்கிறார்களாம். பவளப்பாறைப் பொந்துக்குள் பதுங்கும் தாடிக்கார மீனை வேறு யார் அப்படிக் கண்டுபிடிப்பார்கள்? என் பேத்தி.

மார்ச் 5, வியாழன்
இன்று பிடித்துவிட்டது மூன்று தோள், ஒரு முதுகு. எல்லாரும் முங்கு வழிகாட்டிகள். படகுக்காரன் வில்பெர்த் வாசலில் நின்று கத்தினான்: "டாக்டர்கிட்ட போனா ஒரு மாசம் தண்ணில எறங்காதேம்பான். எங்க தோன்யா எனேதா பிடிச்சுவிட்டா நாளைக்கே எறங்கலாம்!" தோன்யா என்று மரியாதை வேறு. சும்மா இருடா என்றேன். ஆனாலும் சந்தோஷமாக இருந்தது. ஐந்தாவதோடு நின்றவள் நான். படித்தவர்களுக்கு இந்தக் கை உண்டா?

மார்ச் 7, சனி
யுரிதியா மூன்று மணிக்கே வந்துவிட்டாள். இடது தோள் குடைகிறதாம். மூன்று முறை முங்கி மேலே வந்த பிறகு, யாரோ வெள்ளைக்காரி கேமராவைக் கீழே விட்டுவிட்டாளாம். இவள் மறுபடி இறங்கி, எடுத்துக்கொண்டு வேகமாக ஏறியிருக்கிறாள்.

"வில்பெர்த்கிட்ட வலின்னு சொல்லிடாத பாட்டி. ஈஸ்டர் முடியறவரைக்கும் என்னைக் கரையில உக்கார வெச்சுடுவாரு."

கொஞ்ச நேரம் கழித்து, "வேகமா மேல ஏறினா வருமே, இது அந்த வலியா இருக்குமோ?" என்றாள்.

"சிலிண்டர் தூக்கின வலிடீ. எனக்குத் தெரியாத தோளா?"

அருவதா இலை போட்டுக் காய்ச்சிய எண்ணெயைத் தேய்த்து ஒரு மணி நேரம் பிடித்தேன். என் கைக்கு அடியிலேயே இளகியது. இப்போது தூங்குகிறாள். மணி ஐந்து.

மார்ச் 8, ஞாயிறு
நேற்றுச் சாயங்காலம் ஆறு மணிக்கு எழுந்தவள் கட்டிலை விட்டு இறங்கவில்லை. "பாட்டி, கால் ரெண்டும் என்னோடது மாதிரியே இல்ல" என்றாள். ஊசியால் குத்தினேன். தெரியவில்லை.

வில்பெர்த்தான் தூக்கிக்கொண்டு ஓடினான். அழுத்த அறை என்கிறார்கள். இரும்புக் குழாய், தட்டு அகலத்தில் ஒரு கண்ணாடி. அதற்குள் போட்டு மூடிவிட்டார்கள். ஆறு மணி நேரம் அந்தக் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். வேறு என்ன செய்ய முடியும்?

உள்ளே போகும் முன் டாக்டரம்மா கேட்டாள், வலி எப்போது ஆரம்பித்தது என்று. யுரிதியா என்னைப் பார்த்தாள். "சாயங்காலந்தான். ஆறு மணிக்கு" என்றாள்.

நான் வாயே திறக்கவில்லை. பாவி. ஏன் திறக்கவில்லை?

மார்ச் 9, திங்கள்
மறுபடி உள்ளே. வலது கால் கட்டைவிரல் அசைந்தது. இடது இல்லை.

மார்ச் 10, செவ்வாய்
சொல்லிவிட்டேன். மூணு மணிக்கே வலிச்சுதும்மா, நான்தான் எண்ணெய் தேய்ச்சுத் தூங்கவெச்சேன், அவ கேட்டா, நான்தான் இல்லேன்னேன் என்று.

டாக்டரம்மா எழுதிக்கொண்டாள். "ரத்தத்துல காத்துக் குமிழி. தேய்ச்சா போகாது. சீக்கிரம் வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றாள். திட்டியிருக்கலாம்.

"வந்திருந்தா சரியாப் போயிருக்குமா?"

"தெரியாது, தோன்யா."

மார்ச் 14, சனி
வில்பெர்த் ஆரஞ்சுப் பையோடு வந்து, ஆஸ்பத்திரி வாசலோடு நின்றுவிட்டான். "கேமராவைப் போய் எடுத்துட்டு வான்னு நான்தான் சொன்னேன். எல்லாரும் பண்றதுதானே" என்றான். பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

மார்ச் 22, ஞாயிறு
வீட்டுக்கு வந்தாள். ஊன்றுகோல். இடது கால் பின்னாலேயே இழுபடுகிறது. இனி கடலில் இறங்கவே கூடாதாம்.

துறையிலிருந்து ஒருவன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தான். கதவைச் சாத்திவிட்டேன்.

ஏப்ரல் 6, திங்கள்
ஈஸ்டரும் போயிற்று. கட்டிலில் சாய்ந்து சன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். "இடது காலைப் பிடிச்சுவிடேன் பாட்டி. டாக்டரம்மாவே பிடிக்கலாம்னுட்டாங்க" என்றாள். அன்றிலிருந்து நான் யாரையும் தொடவில்லை. எண்ணெய்கூட எடுக்கவில்லை, வெறுங்கையோடு உட்கார்ந்தேன். குதிகாலிலிருந்து தொடங்கி, விரல் விரலாக, ஆடுசதை, முழங்கால் என்று அழுத்திப் பிடித்தேன். கால் சூடாகத்தான் இருந்தது. கால் மணி நேரம் ஆகியிருக்கும். என் மணிக்கட்டு விட்டுப்போயிற்று.

"என்ன பாட்டி, கை வைக்கவே பயமா? சும்மா ஆரம்பி" என்றாள், திரும்பாமலேயே.

"இதோடீ, ஆரம்பிக்கறேன்" என்றேன்.