வேலிக்கு அப்பால் தம்பி

செவ்வாய்க்கிழமை, இரவு

இன்று அப்பாவின் செத்தவீடு. கனடாவிலிருந்து வர முடியாத பெரியண்ணை, எல்லோரும் அப்பாவைச் சுற்றி நிற்கிற படம் ஒன்று கேட்டிருந்தார். பந்தலுக்குள் பின்னுக்குப் போய் எடுக்க இடமில்லை. அதனால் ஃபோனில் கவ்வ வைக்கிற அகலக் கோண லென்ஸை நேற்றே மானிப்பாயில் வாங்கிவந்தேன். முதல் படத்தில் மூலைகள் கறுத்துப் போயின. லென்ஸைக் கமராவுக்கு நேரே நகர்த்தியதும் சரிவந்தது.

பிரேதம் போன பிறகுதான் படத்தைப் பெரிதாக்கி வடிவாகப் பார்த்தேன். வலது ஓரத்தில், வேலிக்கு வெளியே தம்பி நிற்கிறான். தன் விருப்பத்துக்குக் கலியாணம் செய்ததால் அப்பா வீட்டுக்குள் விடாத தம்பி. லென்ஸ் அவன் முகத்தை இழுத்து நீட்டியிருந்தது. ஆனாலும் அழுகிறான் என்று தெரிந்தது. அவன் வந்ததை நாங்கள் ஒருவரும் காணவில்லை.

படத்தை அண்ணைக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

"உவனை வெட்டிப்போட்டுத் திருப்பி அனுப்பு, பிள்ளை."

"ஏலாது அண்ணை. அவனும் அப்பான்ரை பிள்ளைதானே."

அண்ணை ஃபோனை வைத்துவிட்டார்.

தம்பிக்கு ஃபோன் எடுத்தேன். மணி அடிக்கிறது, அவன் எடுக்கவில்லை. கொள்ளி வைக்க மகன் பக்கத்தில் இல்லை என்று சொல்லித்தான் இன்று சித்தப்பாவின் மகனை அனுப்பினோம். வேலிக்கு அப்பால் நின்று அதையும் அவன் கேட்டிருப்பான்.