கிளாம்புக்கு அடியில் சந்தனம்

நங்கை, அன்று பேட்டரியின் முனைகளில் சந்தனத்தைத் தெரிந்து பூசினீர்களா, தெரியாமல் பூசினீர்களா? நீங்கள் உயிரோடு இருந்தவரை இதை நான் கேட்கவில்லை.

இன்று ஆயுத பூசை. அம்மாபேட்டையில் ஒரு மாணவியின் வீட்டுக்குப் போயிருந்தேன். தறிக்கட்டைகளில் பூசிய சந்தனம் ஈரம் காயாமல் மணத்தது. வீடு திரும்பியதும் இதை எழுத உட்கார்ந்தேன்.

அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு, எனக்கு நங்கையாக, அண்ணியாக, நீங்கள் மோகனூர் வந்தபோது நான் சென்னையில் பௌதிகம் படித்துக்கொண்டிருந்தேன். பல வருஷம் கழித்து அண்ணனுக்குக் கண் மங்கியது. அவர் வாங்கிய காரை நீங்கள் ஓட்டக் கற்றுக்கொண்டீர்கள். சங்ககிரியில் உங்கள் அம்மா படுக்கையில் கிடந்தார். வெள்ளிக்கிழமை காலையில் போய்ப் பார்த்து, பொழுது சாயும் முன் திரும்பிவிடுவீர்கள். பஸ்ஸில் தனியாகப் போக அண்ணன் விடமாட்டார். தம் காரில் போவது மட்டும் அவர் கணக்கில் தனியாகப் போவது ஆகாது.

பங்காளிகள் பேசிப் பேசி அவர் மனத்தைக் கலைத்தார்கள். "பொம்பளை ஓட்டற வண்டியில நாம உக்காந்து போறதாட்ட ஆயிப்போச்சு" என்று ஒருவர் சந்தையில் சொன்னாராம். காரை விற்பது என்று அண்ணன் முடிவு செய்தார். உங்களை ஓட்டவும் விடவில்லை. நின்றபடியே கிடந்ததில் பேட்டரி செத்துப்போனது. பூசை விடுமுறைக்கு நான் வந்தபோது, நாமக்கல்லில் கொடுத்து சார்ஜ் ஏற்றி வாங்கி வந்திருந்தார்கள். அரிவாள், மண்வெட்டி, தையல் மெஷின் இவற்றோடு அதுவும் பூசையில் இருந்தது. எல்லாவற்றுக்கும் சந்தனம் பூசியது நீங்கள்தான். பூசை முடிந்து பேட்டரியைக் காரில் வைத்து, கம்பிகளின் கிளாம்புகளை முனைகளில் மாட்டித் திருகியதும் நீங்கள்தான்.

மறுநாள் காலை, காரைப் பார்க்கச் சேலத்து வியாபாரி ராவுத்தர் வந்தார். விளக்கைப் போட்டீர்கள், பளிச்சென்று எரிந்தது. ஸ்டார்ட்டரை அழுத்தினீர்கள்; ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான்.

"என்னங்க கவுண்டரே, வெளக்கு மட்டும் வாங்கிட்டுப் போகவா நான் வந்தேன்?"

"ஹாண்டில் போட்டுச் சுத்துனா ஓடுமுங்க" என்றார் அண்ணன்.

"சுத்தறதுக்கு எங்கூட்டுலயே செக்கு இருக்குதுங்க."

அண்ணன் முகம் சிவந்தது. "பேட்டரி புதுசா மாத்தோணுமாட்ட இருக்குது. நீ பாரு அம்மிணி. படிச்சவ."

பார்த்தேன். ராவுத்தரிடம் விளக்கைக் கவனிக்கச் சொல்லிவிட்டு, உங்களை மறுபடி ஸ்டார்ட்டரை அழுத்தச் சொன்னேன். விளக்கு அடியோடு மங்கி, கையை எடுத்ததும் முன்போலவே எரிந்தது. பேட்டரியில் மின்சாரம் இருந்தது. விளக்குக்குப் போதுமான கொஞ்சம் மட்டும் இணைப்பைக் கடந்தது. ஸ்டார்ட்டருக்கு வேண்டிய அளவு கடக்கவில்லை. கிளாம்பைத் தொட்டேன். சுட்டது; தடை அங்கேதான். கழற்றினேன். ஈயமுனையைச் சுற்றிச் சந்தனம் காய்ந்து, சுவரில் பூசிய சுண்ணாம்புக் காரைபோல இறுகியிருந்தது. இரண்டு முனையிலும் அப்படியே.

நிமிர்ந்தேன். நீங்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "எல்லாத்துக்கும் பூசுனேன், அம்மிணி. இதுக்கும் பூசுனேன்" என்றீர்கள்.

அது உண்மையாக இருக்கலாம். அந்த வருஷம் தையல் மெஷினின் ஊசிவரை பூசியிருந்தீர்கள். பிறகு தைத்த என் ரவிக்கையில் மஞ்சள் கறை விழுந்தது. ஆனால் கிளாம்பை எத்தனையோ முறை கழற்றி, முனையைச் சுரண்டி மாட்டிப் பழகிய கை உங்களுடையது. இரண்டு பக்கமும் சாட்சி இருக்கிறது. எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்ல அது போதவில்லை.

வெந்நீர் ஊற்றிச் சந்தனத்தைக் கரைத்து, பிச்சுவாக் கத்தியால் முனைகளைச் சுரண்டிக் கிளாம்புகளை மாட்டி இறுக்கினேன். கார் முதல் அழுத்தலிலேயே கிளம்பியது. ராவுத்தர் விலை பேசி முடித்து, மறுநாள் டிரைவரோடு வருவதாகச் சொல்லிப் போனார். அண்ணன் கேட்டார், பார்த்தேன், இருந்ததைச் சொன்னேன். அதில் எனக்கு இன்றும் சங்கடம் இல்லை. இப்போதும் பள்ளிக்கூடத்து ஆய்வறையில் ஏதாவது கருவி நின்றுபோனால், மற்றவர்கள் பேட்டரியைக் குறை சொல்லும்போது நான் இணைப்பைக் கழற்றிப் பார்க்கிறேன். அப்போதெல்லாம் உங்கள் முகம் ஒரு கணம் வருகிறது.

காரைச் சரிசெய்த மறுநாள் நடந்தது இது. காரை எடுத்துப்போக ராவுத்தர் வந்தார், அவர் கூட்டி வருவதாகச் சொன்ன டிரைவர் வரவில்லை. "நானே சேலத்துல உட்டுப்போட்டு வாரனுங்க மாமா" என்றீர்கள். நானும் கூட வருவதால் அண்ணன் சம்மதித்தார். நாமக்கல் தாண்டியதும் நீங்கள் சேலம் சாலையை விட்டுத் திருச்செங்கோட்டுப் பக்கம் திருப்பினீர்கள்.

"இது சுத்து வழியாச்சேங்க தாயி."

"வாங்கற வண்டியை நல்லா ஓட்டிப் பாத்து வாங்குங்க பாய்."

சங்ககிரியில் உங்கள் அம்மா வீட்டு வாசலில் காரை நிறுத்தினீர்கள். ராவுத்தர் மோர் குடித்து முடிக்கும்வரை அம்மா அருகில் உட்கார்ந்திருந்தீர்கள். அம்மாவிடம் கார் விற்பனை பற்றிச் சொல்லவில்லை. சேலத்தில் சாவியைக் கொடுத்துவிட்டு இருவரும் பஸ்ஸில் திரும்பினோம்.

அண்ணன் வாசலில் நின்றிருந்தார். "வழியில மக்கர் பண்ணுச்சா?"

"இல்லீங்க மாமா. எங்கம்மாளைப் பாத்துட்டு வந்தேன். வெள்ளிக்கிழமை பஸ்ஸில போறேன்."

கேட்பதுபோல நீங்கள் சொல்லவில்லை. அண்ணன் என்னைப் பார்த்தார். நான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். "செரி, போ" என்றார்.