தேவி கேட்ட முதல் கேள்வி

அன்பு மருமகள் கஸ்தூரிக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள் அம்மா. மாமா எழுதக் கற்று நாலு மாதம்தான் ஆகிறது. காலையிலிருந்து இந்த ஒரு பக்கத்தோடு உட்கார்ந்திருக்கிறேன். ஆனாலும் உன் பெயரை என் கையாலேயே எழுதிப் பார்த்ததில் அப்படி ஒரு சந்தோஷம்!

ஏன் கற்றேன் தெரியுமா? காய்ச்சலில் நீ போன பிறகு, உன் மகள் தேவியைப் பேச்சு வகுப்புக்கு நான்தான் அழைத்துப் போகிறேன். வீட்டில் அவள் பேசும் புதுச் சொற்களை எழுதிவரச் சொன்னார் டீச்சர். நான் கைநாட்டு என்று சொல்ல வாய் வரவில்லை. மாலை வகுப்பில் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

ஆபரேஷன் முடிந்து காதுக்குப் பின்னால் மெஷின் மாட்டிக்கொண்டு வந்த அன்று, பிறந்ததிலிருந்து காது கேளாத தேவி தறிச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்தாள். தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். "காதுதான் கேக்குதே, பேச்சு தானா வரும். இன்னும் எதுக்குமா மெட்ராஸுக்கு அலைஞ்சிக்கினு கெடக்கிற?" என்று உன்னை ஏசினேன்.

"தறி ஓடுறப்போ நான் பேசுறது அவளுக்குப் புரிய மாட்டேங்குது மாமா. ஒரு மணி நேரம் நிறுத்துங்க மாமா" என்று கெஞ்சினாய். முகூர்த்தப் புடவை, நிறுத்த முடியாது என்றேன். நீ பிள்ளையோடு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாய். "உள்ள கச்சேரி நடக்குதுடா" என்று உன் புருஷனிடம் கேலி வேறு செய்தேன்.

கேட்பது வேறு, புரிவது வேறு என்று டீச்சர் சொல்லித்தான் தெரிந்தது. தேவிக்கு ஏழு வயதாகிறது. தண்ணீர், பூ என்று கண்ணில் படுவதைச் சொல்கிறாள். நேற்று, நாளை என்றால் விழிக்கிறாள்.

உன்னை எடுத்துப்போன அன்று அவள் மெஷினைக் கழற்றி வைத்தவன் நான்தான். மேளச் சத்தத்துக்குப் பயப்படுவாள் என்று எல்லோரிடமும் சொன்னேன். சொன்னால் மட்டும் புரியவா போகிறது என்பதுதான் மனதில் இருந்தது. அதன் பிறகும் யாரும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை.

போன செவ்வாய்க்கிழமை சாப்பிடும்போது என் தாடையைப் பிடித்துத் திருப்பி, "அம்மா எங்க?" என்றாள். அதுவரை அவள் யாரிடமும் எதையும் கேட்டதில்லை, கஸ்தூரி. நான் என்ன செய்தேன்? தறியில் இறங்கி மிதிக்க ஆரம்பித்தேன். அவள் மறுபடியும் கேட்டதை உதட்டசைவில்தான் பார்த்தேன்.

நடந்ததை டீச்சரிடம் ஒப்புக்கொண்டேன். "புரியாதுன்னு நீங்களே முடிவு கட்டாதீங்க பெரியவரே. உண்மையச் சொல்லுங்க. இருபது தடவ சொல்லணும்னா இருபது தடவ சொல்லுங்க" என்றார்.

நாளைக் காலையில் அவளை மடியில் வைத்துக்கொண்டு, அம்மா செத்துப்போய்விட்டாள், இனி வரமாட்டாள் என்று சொல்லப் போகிறேன். அழுதால் அழட்டும். எழுந்து போகமாட்டேன். அவள் அடுத்து என்ன கேட்டாள் என்பதை, வருகிற வாரம் ஒன்று விடாமல் உனக்கு எழுதுகிறேன்.

உன் மாமனார்,
தேவியின் தாத்தா